வரைபடத்தில் இல்லாத வரிசை: நான்கு சிலிண்டர் மாதிரி எஞ்சினும் கைத்திறனின் உரைநடையும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், எட்கர் வெஸ்ட்பரி என்னும் ஆங்கிலேயப் பொறியியல் எழுத்தாளர் 'சீல்' என்றொரு பெட்ரோல் எஞ்சினை வடிவமைத்து வெளியிட்டார். அதன் மொத்தக் கொள்ளளவு 15 கன சென்டிமீட்டர்; ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி நீரின் அளவு. அதுவும் நான்கு சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு சிலிண்டருக்குக் கிடைப்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான இடம். அந்த இடத்துக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து புகுந்து, அழுந்தி, தீப்பொறியால் எரிந்து, புகையாக வெளியேற வேண்டும். ஒரு மோட்டார் காரில் நிகழ்வது போலவே. இந்த எஞ்சின் தொழிற்சாலைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. வீட்டுக் கொட்டகையில் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கும் வாசகர், இதழில் தொடராக வந்த கட்டுரைகளைப் படித்துத் தாமே செய்துகொள்வதற்கானது.

இதனைப் பொழுதுபோக்கின் வரலாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதனுள் அறிவு வரலாற்றின் அடிப்படைக் கேள்வி ஒன்று பொதிந்துள்ளது. குருவின் அருகிருந்து கைபழகிப் பெற வேண்டியதாகக் கருதப்பட்ட ஒரு திறனை, எழுத்தாக்கித் தபாலில் அனுப்ப முடியுமா?

இங்கிலாந்தில் இக்கேள்விக்கு நீண்ட மரபுண்டு. ஜோசப் மாக்ஸன் என்னும் லண்டன் அச்சாளர் 1678 முதல், கொல்லுவேலை, தச்சு, கடைசல் முதலிய தொழில்களைப் பற்றிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதே 1678இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 19ஆம் நூற்றாண்டில் கடைசல் இயந்திரங்களைச் செய்து விற்ற ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தைச் சேர்ந்த சார்ல்ஸ், 1843 முதல் கடைசற்கலை பற்றிய பெருநூலை வெளியிடத் தொடங்கினார். அந்த இயந்திரங்களை வாங்கும் வசதி பெரும்பாலும் செல்வர்க்கே இருந்தது. இம்மரபைச் சாதாரண வருவாய் உள்ளோரிடம் கொண்டுசென்றது, 1898இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழ். அதே ஆண்டில் அந்நகரில் மாதிரிப் பொறியாளர் சங்கமும் உருவாயிற்று. ஹென்லி நகரத்து ஸ்டூவர்ட் டர்னர் போன்ற நிறுவனங்கள் வார்ப்புகளை விற்றன. 1946இல் மைஃபோர்டு நிறுவனத்தின் எம்.எல்.7 கடைசல் இயந்திரம் சந்தைக்கு வந்தது. உலோகத்தை உருக்கி வார்க்கும் வேலை வீட்டாரின் கையைவிட்டு நீங்கிற்று; வார்ப்பைக் கடைந்து, துளைத்து, பொருத்தும் வேலை அவர்களிடம் நின்றது. வெஸ்ட்பரியின் தொடர்கள் வெளிவந்தது இந்த இதழில்தான்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் படித்துச் செய்வது ஒன்று. நான்கு சிலிண்டர் எஞ்சினைப் படித்துச் செய்வது முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டை அதன் கிராங்க் ஷாஃப்ட் தெளிவாகக் காட்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாவது, நான்காவது பிஸ்டன்களைத் தாங்கும் கிராங்க் ஊசிகள் அச்சின் ஒரு பக்கத்திலும், இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்களுக்குரியவை நேரெதிர்ப் பக்கத்திலும் அமையும். இதை ஒரே எஃகுத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கும்போது, துண்டின் இரு முனைகளிலும் மூன்று மையங்கள் குறிக்கப்படும்: நடுவில் முதன்மை அச்சுக்கு ஒன்று, அதன் இருபுறமும் ஊசிகளுக்கு ஒவ்வொன்று. புதியவர் முதன்மை அச்சை முதலில் கடைந்துவிட்டால், பக்க மையங்கள் இருந்த உலோகமே சுருளாய்ச் சீவப்பட்டுப் போகும். ஊசிகளைக் கடைய இனிப் பிடிமானம் இராது. ஆகவே துண்டு பருமனாக இருக்கும்போதே ஊசிகளை முடித்துவிட வேண்டும். பின்னர் ஊசியின் இருபுறத் தகடுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் உலோகக் கட்டைகளைச் செருகி, அதன் பிறகே முதன்மை அச்சைத் தொட வேண்டும். கட்டைகள் இல்லையெனில் கடைசல் இயந்திரத்தின் அழுத்தத்தில் தண்டு வில்லாய் வளைந்துவிடும்.

இவற்றில் ஒன்றேனும் பொறியியல் வரைபடத்தில் இராது. வரைபடம் முடிந்த பொருளைக் காட்டும், அளவுகளைச் சொல்லும். அதில் காலம் இல்லை. எதற்குப் பின் எது என்பதை அது அறியாது. மொழியியலார் பார்வையில் கூறினால், வரைபடம் பெயர்ச்சொற்களால் ஆனது. வினைகளையும், அவற்றைக் கோக்கும் வினையெச்சங்களையும் உரைநடைதான் தர வேண்டும். 'ஊசிகளைக் கடைந்து, கட்டைகளைச் செருகி, பின் அச்சைக் கடைக' என்ற வரிசையில்தான் கைத்திறன் குடியிருக்கிறது. வெஸ்ட்பரி போன்றோரின் தொடர்களுக்கு இருந்த பெருமதிப்பின் காரணம் இதுவே. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் 1924 முதல் அதே இதழில் சிறு நீராவி ரயில் எஞ்சின்களைப் பற்றி எழுதிய முன்னாள் ரயில்வே தொழிலாளி ஒருவர், வரைபடங்களோடு கூடிய தம் முழுச் செய்முறைத் தொடர்களைச் 'சொல்லும் இசையும்' என்று அழைத்துக்கொண்டார். இசைக்குறிப்பைப் போலவே, செய்முறையும் காலத்தில் விரிவது என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

இரண்டாவது சிக்கல், மீள்செய்கை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் சற்றே பெரிதாகிவிட்டால், சிலிண்டரை அதற்கேற்பத் தேய்த்துப் பொருத்திவிடலாம். தவறுகள் ஒன்றையொன்று சமன்செய்யும் வாய்ப்பு அங்கே உண்டு. நான்கு சிலிண்டர்கள் ஒரே வார்ப்பில் அருகருகே நிற்கும்போது அந்தச் சலுகை பெரிதும் சுருங்குகிறது. நான்கு பிஸ்டன்களும் ஏறத்தாழ ஒரே எடையுடையவையாக வேண்டும். துளைகளின் இடைவெளி கிராங்க் ஊசிகளின் இடைவெளியோடு இயைய வேண்டும். எட்டு வால்வுகளும் தத்தம் தருணத்தில் திறந்து மூட வேண்டும். எனவே வீட்டுக் கைவினைஞர் முதலில் எஞ்சினைச் செய்வதில்லை. எஞ்சினைச் செய்வதற்கான துளைவழிகாட்டிகளையும் பிடிப்பான்களையும் செய்கிறார். தொழிற்புரட்சி ஆலைகளுக்குள் கொண்டுவந்த ஒழுங்கை, ஒரே ஓர் எஞ்சினுக்காகத் தம் கொட்டகைக்குள் தாமே உருவாக்கிக்கொள்கிறார். ஆலைத் தொழிலாளி ஒரே உறுப்பை ஆயிரம் முறை செய்வார். இவர் எல்லா உறுப்புகளையும் நான்கு முறை செய்கிறார். பகல் முழுதும் ஒரே உறுப்பைக் கடைந்துவிட்டு வந்தவருக்கு மாலையில் இந்த முழுமை எத்தகைய நிறைவைத் தந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

மூன்றாவதாக, சிறிதாக்கல் என்பது வெறும் நகலெடுப்பு அன்று. நீள அளவுகளைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகும்; கனஅளவோ எட்டில் ஒன்றாகும். அதாவது, கனஅளவுடன் ஒப்பிட, வெப்பத்தை வெளியே கடத்தும் சுவர்ப்பரப்பு இருமடங்காகிவிடுகிறது. எரிபொருளின் மூலக்கூறுகளும் எஞ்சினோடு சேர்ந்து சிறுப்பதில்லை. கார் எஞ்சினின் வரைபடத்தை அப்படியே சுருக்கினால் இயங்கும் எஞ்சின் கிடைக்காது. வெஸ்ட்பரி சீல் எஞ்சினுக்குப் பக்கவால்வு அமைப்பையும் நீர்க்குளிர்ச்சியையும் தேர்ந்தார். வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்தில், அதே வார்ப்பில் அமைவதால், மேல்மூடி அசையும் உறுப்புகள் அற்ற எளிய பகுதியாகிறது. செய்பவரின் கருவியையும் கையையும் மனத்தில் கொண்ட தேர்வு இது. தமிழில் 'மாதிரி' என்ற சொல் 'போன்ற' என்னும் பொருளையும் தருகிறது. ஆனால் இந்த மாதிரி எஞ்சின் வேறோர் எஞ்சினைப் போன்றிருப்பதோடு நிற்பதில்லை. அது தானே ஓர் எஞ்சின்.

எழுத்து தொட முயன்ற கடைசி எல்லை, தொடுவுணர்வு. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 0.0254 மில்லிமீட்டர். இந்நுண்ணளவில் ஆங்கிலப் பட்டறைமொழி எண்களோடு உடலின் செயல்களையும் அளவையாக்கிக்கொண்டது: கையால் தள்ளினால் நுழையும் பொருத்தம், தட்டினால் இறங்கும் பொருத்தம், தடையின்றிச் சுழலும் பொருத்தம். மைக்ரோமீட்டர் வாங்க வசதியில்லாதவரும் இச்சொற்களைக் கொண்டு வேலை செய்ய முடிந்தது. ஆயினும் 'தள்ளினால் நுழையும்' என்பதன் பொருள், தள்ளிப் பார்த்த கைக்கே முழுமையாக விளங்கும். மைக்கேல் போலானி 1958இலும் 1966இலும் வெளியிட்ட நூல்களில் விவாதித்த உள்ளுறை அறிவு என்னும் கருத்து, தத்துவத் துறைக்கு வெளியே, கொட்டகைகளில் அன்றாட அனுபவமாக ஏற்கெனவே இருந்தது.

இம்மரபை இலட்சியமாக்கிவிடலாகாது. இதற்கு இடம் வேண்டும், ஓய்வுநேரம் வேண்டும், பணம் வேண்டும். அந்த இதழ்கள் முன்னிறுத்திய வாசகர் பெரும்பாலும் ஆண். தொடங்கிய பலரும் முடித்ததுமில்லை. பாதி கடையப்பட்ட வார்ப்புகள் பெட்டியோடு கைமாறுவது மாதிரிப் பொறியாளர் உலகில் வழக்கமான காட்சி. எழுத்து எட்டாத இடம் எது என்பதற்கு அப்பெட்டிகளே சாட்சி.

எனினும், முடிந்த எஞ்சின்களும் சாட்சிகளே. ஆசிரியரை ஒருமுறையும் நேரில் காணாதவர்கள், அச்சிட்ட சொற்களைக் கொண்டு நான்கு சிலிண்டர்களை ஒத்த தாளத்தில் ஓடச்செய்தார்கள். கைத்திறன் எழுத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்டது என்ற நம்பிக்கையை இது பொய்ப்பிக்கிறது. எழுதினால் போதும் என்ற நம்பிக்கையையும் கூடவே பொய்ப்பிக்கிறது. எழுத்து எதை ஏற்றுச் செல்ல வேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

கைத்தொழில்களை ஆவணப்படுத்தும் ஆய்வு மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கருவிகளின் பெயர்களைத் தொகுத்து, உறுப்புகளைப் படம்பிடித்து, கலைச்சொற்பட்டியல் ஒன்றை இணைத்துவிட்டால் தொழில் பதிவாகிவிட்டது என்று எண்ணுகிறோம். அது வரைபடத்தை மட்டும் காப்பதற்கு ஒப்பானது. எதை முதலில் செய்வது, எதைச் செய்துவிட்டால் திரும்ப வழியில்லை, தவறு நேர்ந்ததைக் கை எப்படி அறிகிறது என்பவையும் பதிவாக வேண்டும். பெயர்கள் அருங்காட்சியகத்தில்கூடப் பிழைத்திருக்கும். வினைகளின் வரிசை, யாரேனும் கேட்டு எழுதினால் மட்டுமே பிழைக்கும்.