பொறுமையும் மனுவும்: தென் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வரலாற்றில் ஒரு சொல்

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். தலைச்சுமையை இறக்கி மூச்சுவிட்டு மறுபடியும் ஏற்றிக்கொள்ள நட்டவை. பொறுத்தல் என்ற வினைக்குச் சுமத்தல், தாங்குதல் என்ற பொருள் தமிழில் பழையது. 'பொறுமை' அதிலிருந்து வந்தது. வாய்மூடி இருத்தல் என்ற பொருள் அதற்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. ஆனால் இந்த நாட்டுக் கிறிஸ்தவர்களின் நூறாண்டு வரலாற்றில் அந்தப் பொருள் பொருந்தவே இல்லை என்பது என் வாதம்.

தொடக்கம், விவிலியத்தில் பெருந்துன்பங்களைத் தாங்கிய யோபுவின் கதை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டுப் பின் அவருடைய படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அலுவலர் டிலனாய், நட்டாலத்தைச் சேர்ந்த அரசு அலுவலர் நீலகண்டப் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொன்னதாகத் திருச்சபை மரபு கூறுகிறது. அப்போது நீலகண்டர் பொருளிழப்பில் மனம் நொந்திருந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் பூத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார். எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனதையும், சிறையில் பட்ட பாடுகளையும், புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் சுரந்ததாகச் சொல்லப்படுவதையும் குமரி மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

தண்டனைக்குக் காரணம் சமயமா அரசுக் குற்றமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் முரண்படுகிறார்கள். அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு தேதி உண்டு. தேவசகாயம் காவலில் இருந்தபோதுதான், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா திருப்படிதானம் செய்து நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்தார். அன்றுமுதல் அரசர் பத்மநாபதாசர். அரசுக்குக் கீழ்ப்படியாமை, தெய்வத்துக்குக் கீழ்ப்படியாமை என்ற இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு அதன்பின் மிக மெலிந்துபோனது. தேவசகாயத்தின் வழக்கை இந்தப் பின்னணியை விட்டுப் படிக்கக் கூடாது.

அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமானது. புனிதர் பட்டம் 2022 மே 15இல்தான் வந்தது. 270 ஆண்டுகள்!

அடுத்த கட்டத்தின் பொறுமை வேறு வகை. அதில் குருதி இல்லை, காத்திருப்பு உண்டு. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பியவர். அவர் அழைப்பின்மேல் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். ஆனால் கோயில் கட்ட அனுமதி திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும். ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலேயின் துணை இருந்தும் இழுபறி நீடித்தது. ஆங்கிலேயருக்கு எதிரான வேலுத்தம்பி தளவாயின் கலகம் அடங்கியபின் 1809இல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றிப் புறப்பட்டுப் போனார். பிறகு அவரைப் பற்றிச் செய்தியே இல்லை. அடுத்த மிஷனெரி சார்ல்ஸ் மீட் வந்தது 1818இல். இடைப்பட்ட காலத்தில் வெள்ளைக்காரர் துணையின்றி வேதமாணிக்கமே சபைகளைக் காத்தார். மிஷன் வரலாறுகள் இந்த இடைவெளியை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு மீட் வந்ததைவிட இந்த இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது.

மூன்றாம் கட்டத்தில் பொறுமை மனு எழுதக் கற்றுக்கொண்டது. மன்றோ ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்தபோது, மேலுடம்பை மறைக்க உரிமையற்றிருந்த நாடார் பெண்களில் கிறிஸ்தவரானவர்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம் என்று 1814இல் உத்தரவு பிறந்தது. காகிதத்தில் கிடைத்த உரிமை கல்குளம் சந்தையில் செல்லவில்லை. 1822இல் உயர்சாதியார் பெண்களின் மேலாடையைக் கிழித்தனர். மிஷனெரிகள் முறையிட, 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1827இல் மறுபடி கலவரம். சபைக் கூடங்கள் எரிந்தன. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரச அறிவிப்பு குப்பாயத்தை அனுமதித்து, உயர்சாதியார் முறையில் மேல்சீலை என்ற தோள்துணி போடுவதைத் தடுத்தது. முப்பது ஆண்டு கழித்து 1858 முடிவில் மீண்டும் தீ. மிஷனெரிகள் திருவனந்தபுரத்துக்கு எழுதினார்கள்; பயன் இல்லாதபோது சென்னை ஆளுநர் ட்ரெவல்யனுக்கு எழுதினார்கள். ரெசிடெண்ட் கல்லனின் மெத்தனமும், திவான் மாதவராயரின் தயக்கமும் அந்த அழுத்தத்தில்தான் அசைந்தன. 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது: எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம், அல்லது மீனவரான முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைப் போர்த்தலாம், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் கூடாது.

இந்த வரிசையை மிஷனெரிகளின் சாதனையாக எழுதுவது வழக்கம். மனுக்களில் அவர்கள் கையெழுத்து இருப்பதால் அது இயல்புதான். ஆனால் ஒவ்வொரு மனுவுக்கும் முன்னால், அடிபடுவோம் என்று தெரிந்தே குப்பாயத்தோடு சந்தைக்குப் போன ஒரு பெண் இருக்கிறாள். யோபுவும் வாய்மூடி இருந்தவரல்லர். யோபு புத்தகத்தின் பெரும்பகுதி அவருடைய வழக்காடல். இயேசு சொன்ன உவமையில் நீதிபதியை ஓயாமல் தொந்தரவு செய்த விதவையும் அப்படியே. தேவசகாயத்தின் பாடுகளையும் மேலாடைப் போராட்டத்தையும் ஒன்று கத்தோலிக்கம், மற்றொன்று புரொட்டஸ்டன்ட் என்று தனித்தனி அலமாரியில் வைத்துவிட்டதால் இந்தத் தொடர்ச்சி நம் கண்ணில் படாமல் போயிற்று.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் கூலி இல்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். விறகு சுமப்பது, யானைக்கு ஓலை வெட்டுவது எல்லாம் அதில் சேரும். சபையிலோ ஆண்டவருக்குச் செய்யும் பணிக்கும் அதுவே பெயர். வாரநாளில் ஊழியத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் உட்கார்ந்து ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதாகக் கேட்டார். அந்தத் தலைமுறை இரண்டு பொருளையும் ஒரே நாவில் வைத்திருந்தது. முதல் பொருள் இப்போது ஆவணங்களில்தான் இருக்கிறது; திருவனந்தபுரம் பாளையத்தில் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன் சங்கம்) வளாகத்தில் 'ஊழியக்காரர் வந்திருக்கிறார்' என்றால் போதகர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.