கொட்டகைக்கு வெளியே பாட்டின் பங்கு: இணைய விளம்பர வருவாயும் 1977 தீர்ப்பும்

ஆயக்குடிக் கொய்யாச் சந்தையை ஒருவர் கைபேசியில் படம்பிடித்து, பின்னணியில் 1980களின் திரைப்பாடல் ஒன்றைச் சேர்த்து யூடியூபில் ஏற்றுகிறார் என்று கொள்வோம். உரிமையாளர் முன்பே கொடுத்துவைத்த ஒலிக்கோப்போடு யூடியூபின் தானியங்கி அடையாள முறையான கன்டென்ட் ஐடி அதை ஒப்பிடும். பொருந்தினால், காணொளியைத் தடுக்கலாம். பார்வைக் கணக்கை மட்டும் கவனிக்கலாம். விளம்பரம் ஓடவிட்டு வருவாயைத் தம் கணக்கில் சேர்க்கலாம். மூன்றில் எது என்பது உரிமை கோருபவரின் விருப்பம். அந்த வருவாயில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இல்லை என்போர் இன்றும் காட்டும் சான்று, இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் ஈஸ்டர்ன் இந்தியா மோஷன் பிக்சர்ஸ் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இல் அளித்த தீர்ப்பு. தயாரிப்பாளர் பணம் கொடுத்து இசையமைக்கச் செய்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர் என்றது அது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவிலுள்ள (ஆ), (இ) கூறுகள் அதற்கு அடிப்படை. இந்த முடிவைத் திரையுலகம் பாட்டின் எல்லா வருவாய்க்கும் பொருத்திப் படித்துவிட்டது. அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை.

முதலாவது, வழக்கு எழுந்த இடம் திரையரங்கு. 1969இல் நிகழ்த்துரிமைச் சங்கம் வெளியிட்ட கட்டண விகிதத்தைத் திரையரங்கு உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் எதிர்த்ததில் தொடங்கிய வழக்கு அது. கொட்டகையில் படத்தோடு ஒலிக்கும் பாட்டைப் பற்றிய முடிவை, படத்திலிருந்து வெட்டியெடுத்துத் தனியாக ஓடும் பாட்டுக்கு அப்படியே நீட்டிப்பது பொருந்தாது. இரண்டாவது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதே தீர்ப்பில் சேர்த்த பின்குறிப்பு. படத்தின் பகுதியாக அல்லாமல் பாட்டை நிகழ்த்தும் உரிமை படைப்பாளியிடமே நிற்கிறது என்று 13(4) பிரிவைக் கொண்டு அவர் சுட்டினார். தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் இந்தப் பின்குறிப்பை எளிதில் கடந்துவிடுகிறார்கள்.

2012 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த அடித்தளத்தையே மாற்றியது. படத்தில் சேர்ந்த படைப்பைப் பொறுத்தவரை, மேற்சொன்ன இரு கூறுகளும் படைப்பாளியின் உரிமையைப் பாதிக்கா என்று 17ஆம் பிரிவில் ஒரு காப்புரை சேர்ந்தது. 18ஆம் பிரிவின் புதிய காப்புரையை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். ராயல்டியை உரிமை பெற்றவரோடு சரிசமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமையைப் படைப்பாளி விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்து எழுதினாலும் செல்லாது. பயன்பாட்டைப் பொறுத்தவரை இதற்கு அது வைக்கும் விலக்கு ஒன்றே: திரையரங்கில் படத்தோடு சேர்த்துப் பொதுமக்களுக்குக் காட்டுவது. தொலைக்காட்சி அந்த விலக்கில் இல்லை, இணையமும் இல்லை. கைபேசித் திரை கொட்டகை ஆகாது என்பதை விரித்து வாதிடத் தேவையே இல்லை. பண்பலை வானொலிகள் ஒலிப்பதிவை ஒலிபரப்பும்போதும் படைப்பாளிக்கு ராயல்டி உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரல் 28இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவும் இந்தத் திசையிலேயே செல்கிறது. அது வானொலி பற்றியது என்ற மறுப்பு எழலாம். ஆனால் சட்டம் வானொலிக்கென்று தனிச் சலுகை தரவில்லை. கொட்டகை ஒன்றையே விலக்குகிறது.

சிக்கல் பழைய ஒப்பந்தங்களில் இருக்கிறது. உரிமை மாற்றப்பட்ட காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாதவரை அந்த மாற்றம் பொருந்தாது என்கிறது 18ஆம் பிரிவின் இன்னொரு காப்புரை. அப்படியானால் இணையக் காணொளி எப்போது வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது? 2007 மே மாதம் யூடியூப் தொடங்கிய பங்காளர் திட்டத்தை வைத்துச் சொல்வது வழக்கம். ஆனால் 2005இல் தொடங்கிய ரெவ்வர் தளம் அதற்கு முன்பே விளம்பர வருவாயைப் பிரித்துக் கொடுத்தது. காணொளியைத் தம் பக்கத்தில் பதித்துப் பரப்பியவருக்கு 20 விழுக்காடு. மீதி, எடுத்தவருக்கும் தளத்துக்கும் பாதிப் பாதி. யூடியூபின் இந்தியப் பதிப்பு வந்ததோ 2008 மே மாதம். எந்த நாட்டின் வணிகப் பயன்பாடு என்று சட்டம் சொல்லாததால், 2005க்கும் 2008க்கும் இடையில் எழுதிய பத்திரங்கள் எந்தப் பக்கம் விழும் என்பதை நான் இங்கே முடித்துவைக்கவில்லை. 2012க்கு முந்தைய பத்திரங்களை இந்தக் காப்புரை கட்டுப்படுத்துமா என்பதும் வாதத்துக்குரியதே. கட்டுப்படுத்தும் என்பது என் சாய்வு. ஏனெனில் பத்திரம் பழையதானாலும் வருவாய் இன்று பிறக்கிறது.

1980களின் பத்திரங்களுக்கு இந்த ஆண்டுக் குழப்பம் பொருட்டல்ல. அன்று இணையக் காணொளி என்ற ஊடகமே இல்லை. ஆகவே, ஆயக்குடிக் காணொளியின் வருவாயைக் கோருபவர் முதலில் காட்ட வேண்டியது, இணையத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் உரிமைப் பத்திரம். அதைக் காட்டினாலும், படைப்பாளிகளின் சம பங்கைக் கொடுக்கும் கடமை அவருக்கு நீங்காது.