சுவையும் கூலியும்: அக்கரப்பத்தனைத் தேயிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1869 இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் படிப்படியாக அழிக்க, மலைநாட்டில் தேயிலை பரவலாயிற்று. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. அங்கு விலையை நிர்ணயிக்கும் அளவுகோலாகச் சுவையே அமைந்தது.

திம்புளைப் பிரதேசத்தைச் சேர்ந்த அக்கரப்பத்தனையில் தரமான தேயிலைக்குரிய பருவம் சனவரி முதல் மார்ச் வரையாகும். வடகீழ்ப் பருவக்காற்று தன் மழையைக் கிழக்குச் சரிவுகளிற் பொழிந்துவிட்டு, வறண்ட குளிர்காற்றாய் மேற்குச் சரிவை அடைகின்றது. அதனாற் கொழுந்தின் வளர்ச்சி மந்தமடைய, மணம் செறிவுறுகின்றது. ஊவாவிலோ இப்பருவம் யூலை முதல் செப்டெம்பர் வரை நிலவுகின்றது. கொழும்பிலுள்ள சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தை உறிஞ்சி, நாவிற் சுழற்றி, உமிழ்ந்து, அதன் நிறம், மணம், துவர்ப்பு என்பனவற்றை மதிப்பிடுவர்.

எனினும், 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உழைத்த நாளுக்கே கூலி வகுத்தது. சுவைக்கு அதில் இடமிருக்கவில்லை. பெட்டியில் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டது, பறித்தவர் பெயரன்று. லயங்களில் அருந்தப்பட்டதும் பெரும்பாலும் மலிவான தூளே. முற்றிய இலையை விலக்கி, ஈரிலையும் மொட்டும் தெரிந்தெடுத்த பெண்களின் விரல்களே அத்தேயிலையின் தரத்தை முதலில் மதிப்பிட்டன எனலாம். தேயிலைச் சுவையின் வரலாற்றை எழுதுவோர் அவ்விரல்களையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.