ஒரு குமாஸ்தாவின் குதிரை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மோன்ட் என்று ஒரு சிறிய மாநிலம் இருக்கிறது. என்னைப் போலப் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பெயரே பொருளைச் சொல்லிவிடும். 'வெர்' என்றால் பச்சை, 'மோன்' என்றால் மலை. 1609-இல் சாம்ப்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்த பெரிய ஏரியைக் கண்டு தன் பெயரையே அதற்கு வைத்தார். 1777-இல் அங்கே குடியேறியிருந்த ஆங்கிலம் பேசும் மக்கள் தங்கள் நிலத்துக்குப் பெயர் சூட்டியபோதும் பிரெஞ்சுச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாநிலத்தின் விலங்கு எது தெரியுமா? புலியும் இல்லை, கரடியும் இல்லை. மார்கன் என்ற குதிரை. 1961-இல் சட்டமாகவே அறிவித்துவிட்டார்கள். குதிரைக்கு ஏன் மனிதப் பெயர் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. அந்த மனிதர் ஒரு பள்ளி வாத்தியார், பாட்டு வாத்தியார், அதோடு ஊர்க் குமாஸ்தா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதிவேடுகளோடு காலம் தள்ளிய எனக்கு இது போதாதா?

ஜஸ்டின் மார்கன் 1747-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். உடம்பு அவ்வளவு திடமில்லை. ஏர் பிடிக்க முடியாதவர் எழுதிப் பிழைத்தார், பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1788-இல் குடும்பத்தோடு வெர்மோன்டின் ராண்டால்ஃப் என்ற ஊருக்குப் போனார். அங்கே சில காலம் ஊர்க் குமாஸ்தா வேலை. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் யாரை மணந்தார், எந்த நிலம் யார் கைக்கு மாறியது என்று எழுதி வைக்கிற வேலை. 1791-இல் மனைவி இறந்துபோனார். பிள்ளைகளை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எடுத்து வளர்க்க வேண்டியதாயிற்று. 1798-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் மெட்டமைத்த தேவாலயப் பாட்டுகளில் சிலவற்றை இன்றும் அமெரிக்காவில் கூடிப் பாடுகிறார்கள்.

பழைய கடன் ஒன்றை வசூலிக்க அவர் மாசசூசெட்ஸுக்குப் போனார் என்றும், கடன்காரரிடம் பணம் இல்லாததால் ஒரு குதிரைக் குட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். குட்டி பிறந்த ஆண்டு 1789. பிரெஞ்சுப் புரட்சி நடந்த ஆண்டு என்பதால் எனக்கு மறக்காது. அதற்கு அவர் வைத்த பெயர் ஃபிகர். செம்பழுப்பு உடல், கறுத்த கால்கள், கறுத்த பிடரி மயிர், கறுத்த வால். உயரம் சுமார் 14 கை. ஒரு கை என்பது நான்கு அங்குலம், ஆக 4 அடி 8 அங்குலம். தலையைச் சேர்க்காமல், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரைக்குமான கணக்கு இது. குதிரைகளில் சிறியதுதான்.

ஃபிகர் பெயர் எடுத்தது பந்தயங்களில். ராபர்ட் எவன்ஸ் என்பவர் காடு திருத்துவதற்காக அதை ஒரு வருஷ வாடகைக்கு எடுத்திருந்தார். ஒருநாள் மர அறுவை ஆலையின் பக்கத்தில் பெரிய குதிரைகள் இழுக்க முடியாமல் விட்ட கட்டை ஒன்று கிடந்தது. ஒரு காலன் ரம் பந்தயம். எவன்ஸ் மூன்று பேரைக் கட்டையின் மேல் உட்காரச் சொல்லிவிட்டு ஃபிகரை விரட்ட, அது கட்டையையும் ஆட்களையும் சேர்த்து ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனதாம். லின்ஸ்லி என்பவர் 1857-இல் மார்கன் குதிரைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. 1796-இல் புரூக்ஃபீல்டு என்ற ஊரில் நியூயார்க்கிலிருந்து வந்த ஸ்வீப்ஸ்டேக்ஸ், சில்வர்டெயில் என்ற இரண்டு ஓட்டக் குதிரைகளையும் ஒரே நாளில் ஃபிகர் முந்தியதாகவும் சொல்வார்கள். கதைகளில் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்ந்திருக்கலாம். ஆனால் உழவு, கட்டை இழுப்பு, வண்டி, சவாரி, ஓட்டம் என்று ஒரே மிருகம் எல்லா வேலைக்கும் நின்றது என்பதில் எல்லாருடைய வாக்கும் ஒன்றுதான்.

இந்தப் புகழால் மார்கனுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. அவர் இருக்கும்போதே குதிரை கைமாறிவிட்டது. பிறகும் பல கைகள். 1821-இல் இன்னொரு குதிரை உதைத்த காயத்தோடு, 32 வயதில் அது செத்தது. டன்பிரிட்ஜ் என்ற ஊரில் புதைத்தார்கள். யாரிடம் போனாலும் மக்கள் அதை 'ஜஸ்டின் மார்கனின் குதிரை' என்றே அழைத்திருக்கிறார்கள். நாளடைவில் குதிரைக்கே ஜஸ்டின் மார்கன் என்று பெயராகிவிட்டது. அதன் சந்ததிக்கும் அதே பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரார் பிறப்பையெல்லாம் எழுதிவைத்த குமாஸ்தாவின் குதிரைக்குத் தகப்பன் யார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும் பிறப்புப் பதிவு இல்லை. ட்ரூ பிரிட்டன் என்ற ஆங்கிலேய வம்சக் குதிரை என்றார்கள் பலர். வேறு வம்சம் என்றார்கள் சிலர். நூறு ஆண்டுக்கும் மேலாக அச்சிலும் பேச்சிலும் இந்தச் சண்டை நடந்தது. பிறந்த அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். பிறப்புச் சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு இது புரியும்.

ஃபிகரின் மகன்கள் ஷெர்மன், புல்ரஷ், வுட்பரி. மூன்றும் தனித்தனிக் கிளைகளாக வளர்ந்தன. ஷெர்மனின் பேரன் ஈதன் ஆலன் 1849-இல் பிறந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கர்களுக்கு வண்டியில் பூட்டிய குதிரையின் 'ட்ராட்' பந்தயத்தில்தான் பைத்தியம். பாய்ச்சலில் போகக் கூடாது. எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டிரண்டாக ஒன்றாய் விழும் அந்தத் தாளநடையிலேயே வேகம் காட்ட வேண்டும். அதில் ஈதன் ஆலன் நாடறிந்த பெயர். ஆனால் அதே 1849-இல் நியூயார்க் மாநிலத்தில் ஹாம்பிள்டோனியன் என்ற குதிரையும் பிறந்தது. பந்தயத் திடலில் அதன் வாரிசுகள் மார்கன்களை முந்தின. பணம் எங்கேயோ, வளர்ப்பவர் மனமும் அங்கேதானே. நல்ல மார்கன் பெட்டைக் குதிரைகளை உயரமான வேற்றினப் பொலிகுதிரைகளோடு சேர்த்தார்கள். இடையே 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். முதலாம் வெர்மோன்ட் குதிரைப் படை மார்கன்களில்தான் ஏறிப் போயிற்று, திரும்பாதவை ஏராளம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கலப்பில்லாத மார்கனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

அப்போதுதான் ஜோசப் பாட்டல் வருகிறார். மிடில்பெரி என்ற ஊரில் செல்வந்தர், பத்திரிகை நடத்தியவர், மோட்டார் காரைக் கண்டாலே ஆகாதவர். அவர் பொலிகுதிரைகளோடு நிற்காமல் பேரேட்டையும் கையில் எடுத்தார். ஊர் ஊராகக் கடிதம் எழுதி, பழைய பத்திரிகை விளம்பரங்களைத் துருவி, கிழவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, எந்தக் குதிரை எதற்குப் பிறந்தது என்று தொகுத்தார். 1894-இல் மார்கன் பதிவேட்டின் முதல் தொகுதி வெளிவந்தது. அதில் இடம்பெற ஃபிகரின் இரத்தம் 64-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஆறு தலைமுறைக்கு முன் ஒரு முன்னோராவது ஃபிகராக இருந்தால் போதும். தாராளமான விதிதான். அன்றைக்கு அதைவிட இறுக்கியிருந்தால் எழுதுவதற்குக் குதிரைகள் இருந்திருக்காது.

1907-இல் பாட்டல் வெய்பிரிட்ஜில் இருந்த தன் பண்ணையை மத்திய அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். அரசாங்கமே மார்கன் வளர்க்கத் தொடங்கியது. நோக்கம் ராணுவத்துக்கு நல்ல சவாரிக் குதிரை. 1909-இல் மார்கன் சங்கம் ஏற்பட்டது. 1951-இல் மத்திய அரசு பண்ணை வேண்டாமென்று கைவிட்டபோது வெர்மோன்ட் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அங்கே 1921-இல் வைத்த ஃபிகரின் வெண்கலச் சிலையை இன்றும் பார்க்கலாம்.

இனி நீண்ட தூரச் சவாரிக்கு வருவோம். 1919 அக்டோபரில் ராணுவக் குதிரைகளின் உழைப்பைச் சோதிக்க ஒரு பந்தயம் நடந்தது. வெர்மோன்டின் ஈதன் ஆலன் கோட்டையிலிருந்து மாசசூசெட்ஸின் டெவன்ஸ் முகாம் வரை சுமார் 300 மைல், ஐந்து நாள், நாளொன்றுக்கு 60 மைல். ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய பாரம் 200 பவுண்டு. முதல் ஆண்டு வென்றது ராம்லா என்ற அரபுப் பெட்டைக் குதிரை. மார்கன்காரர்களுக்கு வருத்தம்தான். மெலிந்த உடம்பும் மெல்லிய தோலும் உள்ள அரபுக்குச் சூடு சீக்கிரம் இறங்கும். மார்கன் கட்டுமஸ்தான உடம்பு, ஆறுவதற்கு நேரமாகும். இன்றும் 100 மைல் வேகப் பந்தயங்களில் அரபுகளின் கையே ஓங்கியிருக்கிறது.

ஆனால் வேகத்தை மட்டும் பார்க்காத போட்டி ஒன்று வெர்மோன்டிலேயே வளர்ந்தது. கிரீன் மவுன்டன் குதிரைச் சங்கம் 1926-இல் தொடங்கியது. 1936 முதல் அவர்கள் 100 மைல் சவாரி நடத்துகிறார்கள். முதல் நாள் 40, இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 20 மைல். மலை, காடு, மண்பாதை, ஓடை எல்லாம் உண்டு. இவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும் என்று எல்லை இருக்கிறது. அதற்கு முன்னால் வந்துவிட்டாலும் புள்ளி குறையும்! குதிரையை விரட்டியிருக்கிறாய் என்று அர்த்தம்.

தீர்ப்புச் சொல்வது கடிகாரம் அல்ல, கால்நடை மருத்துவர். புறப்படும் முன்பே ஒவ்வொரு குதிரையையும் தடவிப் பார்த்து, பழைய தழும்புகளைக்கூடக் குறித்துக்கொள்வார். வந்து சேர்ந்ததும் சற்று ஆறவிட்டு நாடி பார்ப்பார், மூச்சை எண்ணுவார். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 30 முதல் 40 வரை. எவ்வளவு சீக்கிரம் அந்தப் பக்கம் இறங்குகிறது என்பதில்தான் குதிரையின் உரம் தெரியும். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார். உடனே படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. ஈறை விரலால் அழுத்துவார். வெளுத்த இடம் சட்டென்று சிவந்தால் இரத்த ஓட்டம் சரி. முதுகில் சேணம் உராய்ந்த புண் உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, ஓட விட்டால் நொண்டுகிறதா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. மறுநாள் காலை மறுபடியும் ஏறிப் போகத் தகுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்தப் போட்டியில் மார்கன் தன் இயல்போடு நிற்கிறது. குட்டையான உறுதியான முதுகு, கடினமான குளம்பு, பதறாத சுபாவம், கொஞ்சத் தீனியில் உடம்பு வைக்கும் குணம். குழந்தையும் ஏறலாம், வயதானவரும் ஏறலாம். எழுபது வயதில் 100 மைல் குதிரைச் சவாரியா என்று நாம் மலைப்போம். அங்கே நம் வயதுக்காரர்களும் போகிறார்கள்.

மார்கன்காரர்களுக்குள் ஒரு பழைய வழக்கும் உண்டு. ஒவ்வோர் அக்டோபரிலும் ஒக்லஹோமா நகரில் அவர்களுடைய தேசியக் கண்காட்சி நடக்கும். அரங்கத்தில் முழங்காலை உயரத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி வரும் குதிரைக்குக் கைதட்டல் அதிகம். அந்த எடுப்பான நடைக்காக முன்பு வேற்றினக் கலப்பும் நடந்தது. 1948-இல் பதிவேட்டைப் பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு தாயும் தகப்பனும் பதிவேட்டில் இருந்தால்தான் பிள்ளைக்கு இடம். காட்டுப்பாதையில் போகிறவர்கள், பழைய குட்டையான உழைப்பாளிக் குதிரைதான் நிஜமான மார்கன் என்பார்கள். அரங்கத்துக்காரர்கள், பார்க்க அழகாக இருந்ததால்தான் இனமே பிழைத்தது என்பார்கள். விற்பனை இல்லாமல் எந்த இனமும் நிற்காது என்பதும் உண்மைதானே. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. என் ஓட்டு காட்டுப்பாதைக்கு.

இரு கட்சிக்கும் பொதுவாக ஜஸ்டின் மார்கன் பெயரில் ஒரு போட்டி உண்டு. ஒரே குதிரை வண்டியில் பூட்டி அரை மைல் ட்ராட் போக வேண்டும், சேணம் போட்டு அரை மைல் பாய்ந்து ஓட வேண்டும், அரங்கத்தில் நடைகளைக் காட்ட வேண்டும், கடைசியில் கல் ஏற்றும் சறுக்குப் பலகையில் குறைந்தது 500 பவுண்டு பாரத்தை ஆறடி தூரம் இழுக்க வேண்டும். ஃபிகர் செய்ததாகச் சொல்லும் அத்தனை வேலையும் இதில் அடக்கம். ரம் மட்டும் இல்லை.

ஜஸ்டின் மார்கன் விட்டுப்போனது அவ்வளவு பெரிய சொத்து ஒன்றுமில்லை. ஆனால் இன்று பிறக்கிற ஒவ்வொரு மார்கன் குட்டிக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறார்கள். தாய், தகப்பன், நிறம், பிறந்த தேதி. அந்த வரியின் தலைப்பில் இருப்பது ராண்டால்ஃப் ஊர்க் குமாஸ்தாவின் பெயர்தான்.