வெர்தரும் வியன்னா நகரத்து ஏடுகளும்

நாள்தோறும் படிக்கும் ஏடு மனிதனின் உள்ளத்தில் ஊறிவிடுகிறது என்று சொன்னால் மறுப்பார் இல்லை. எவ்வளவு ஆழமாக ஊறுகிறது என்பதை அளந்து காட்டுக என்றால் பலர் வாளாவிருப்பர். அதை அளந்து காட்டிய நகரம் ஒன்று உண்டு. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவே அது. அவ்வரலாற்றைச் சொல்லப் புகுமுன், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, ஜெர்மானிய மண்ணின் லைப்சிக் நகரை நாம் எட்டிப் பார்க்க வேண்டும்.

1774-ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதேயான கவிஞர் கதே, வெர்தர் என்னும் இளைஞனின் துயரங்களைக் கடிதங்களாக அமைத்து ஒரு புதினம் எழுதினார். வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின்மீது காதல் கொண்ட வெர்தர், முடிவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். நூல் ஐரோப்பாவெங்கும் காட்டுத்தீயெனப் பரவிற்று. இளைஞர்கள் வெர்தரைப் போலவே நீல மேலங்கியும் மஞ்சள் உட்சட்டையும் அணிந்து திரிந்தனர். நெப்போலியனோ தாம் அதை ஏழு முறை படித்ததாக 1808-இல் கதேயிடமே கூறினார்.

உடையைப் பின்பற்றியோருள் சிலர் முடிவையும் பின்பற்றினர் என்ற பேச்சு எழுந்தது. சமய இயல் அறிஞர்கள் முறையிட, லைப்சிக் நகர மன்றம் 1775-இல் நூலைத் தடை செய்தது. அந்த உடையையும் சேர்த்தே தடை செய்தது! தடை 1825 வரை நீடித்தது. மெய்யாகவே எத்தனை பேர் வெர்தரின் வழியில் மாண்டனர் என்பதற்குக் கணக்கு எவரிடமும் இல்லை. கதே மட்டும் 1775-ஆம் ஆண்டுப் பதிப்பில், என்னைப் பின்தொடராதே என வெர்தரே படிப்போரை எச்சரிக்கும் கருத்தில் சில அடிகளைச் சேர்த்தார். தடை விதித்தோரினும் அவர் நோயை நன்கறிந்தவர் என்றே நாம் கருதுகிறோம்.

பின்வந்த அறிஞர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலார் எமில் டர்க்கைம் 1897-இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதால் ஒரு நாட்டின் தற்கொலைத் தொகை மாறிவிடாது என்று வாதிட்டார். அவ்வாதத்தை அசைத்தவர் அமெரிக்கரான டேவிட் பிலிப்ஸ். நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் முதற்பக்கத்தில் 1947 முதல் 1968 வரை வெளிவந்த தற்கொலைச் செய்திகளை, அவற்றை அடுத்த மாதங்களின் மரணக் கணக்கோடு அவர் ஒப்பிட்டார். செய்தி வந்தபின் தொகை ஏறியது. செய்திக்குக் கிடைத்த விளம்பரம் மிகுந்தபோது ஏற்றமும் மிகுந்தது. 1974-இல் இதை வெளியிட்ட அவர், இதற்கு வெர்தர் விளைவு எனப் பெயரிட்டார்.

இனி வியன்னா. அங்கே சுரங்க ரயில் 1978-இல் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகள் கழிந்தபின், அந்நிலையங்களில் உயிரை மாய்த்துக்கொள்வோர் தொகை திடுமெனப் பெருகலாயிற்று. ஏடுகள் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் படத்தோடும் பெருந்தலைப்போடும் கதைபோல வருணித்தன. எர்வின் ரிங்கல் 1948-இலேயே வாழ்வில் சலிப்புற்றோருக்கென உதவி நிலையம் நிறுவிய நகரம் அது. தற்கொலைத் தடுப்பில் முன்னோடியான அந்நகரிலேயே இக்கொடுமை!

1987-ஆம் ஆண்டின் நடுவில், அந்நாட்டுத் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தார் பத்திரிகையாளர்களிடம் வேண்டுகோளொன்றை வைத்தனர். முதற்பக்கத்தில் போடாதீர், படம் வேண்டாம், இறந்த விதத்தை விவரியாதீர், ஒரே காரணத்தால் நேர்ந்ததென்று எளிமைப்படுத்தாதீர், இறந்தவரை வீரராக்காதீர், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்வீர். இவ்வளவே. சட்டமில்லை, தண்டனையில்லை. ஏடுகள் இணங்கின. சில செய்திகள் உட்பக்கத்தில் நாலைந்து வரியாய்ச் சுருங்கின, பல வெளிவரவேயில்லை. அவ்வாண்டின் முற்பாதியோடு ஒப்பிட, பிற்பாதியில் சுரங்க ரயில் நிலையங்களில் நேர்ந்த தற்கொலைகள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. பின்வந்த ஆண்டுகளிலும் தொகை பழைய உயரத்துக்கு ஏறவில்லை.

அவர்கள் வேறு வழி தேடியிருப்பரே என்று ஐயுறுவோர் உண்டு, நியாயமான ஐயந்தான். எனினும் நகரின் மொத்தத் தொகையும் கூடவில்லை, இறங்கவே செய்தது. இந்நெறியோடு நன்கு ஒத்துழைத்த ஏடுகள் மிகுதியாய்ப் படிக்கப்பட்ட பகுதிகளிலேயே பயன் மிகுந்திருந்தது என 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

வியன்னா அறிஞர்கள் இன்னோர் உண்மையையும் கண்டனர். துயரின் விளிம்புவரை சென்று, எவ்வாறோ தாங்கி மீண்டவரைப் பற்றிய செய்தி வெளியானபின் தற்கொலைத் தொகை குறையக் கண்டனர். 2010-இல் இதை வெளியிட்டபோது பாப்பகேனோ விளைவு என்றனர். மோசார்ட்டின் மந்திரப் புல்லாங்குழல் என்னும் இசை நாடகத்தில் வரும் பறவை பிடிப்பவனே பாப்பகேனோ. 1791-இல் அந்நாடகம் முதன்முதல் அரங்கேறியதும் வியன்னாவில்தான். காதலி கிட்டாளென நம்பிக்கை இழந்து அவன் உயிரை விடத் துணியும் வேளையில், மூன்று சிறுவர்கள் வந்து அவனிடமே இருக்கும் மந்திர மணிகளை நினைவூட்டுகின்றனர். அவன் மணிகளை ஒலிக்கிறான். காதலியும் வந்து சேர்கிறாள்.

வியன்னாவில் கண்ட நெறியை ஒட்டியே உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் பத்திரிகையாளர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. அதைத் தழுவி இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019-இல் விதிகள் வகுத்தது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், மதிப்பெண் குறைந்ததால் மாணவி தற்கொலை என்ற தலைப்பை நம் ஏடுகளில் நாம் பார்த்தே வருகிறோம். ஒரே காரணம் சொல்லாதீர் என்று வியன்னாவில் வேண்டிக்கொண்டது இத்தகைய தலைப்பைக் குறித்தே. அதே செய்தியை மறுநாள் காலை படிக்கப்போகும் இன்னொரு மாணவியின் கையிலும் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது.