தேர்வும் தொண்டும்: வேலூர் மண்ணின் மருத்துவப் போராட்டங்கள்

ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி மாண்ட செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்துச் சான்றளித்தாலன்றி எவரும் மருத்துவம் பார்த்தலாகாது என்று அவர் ஆணையிட்டார். அந்நகரில் 860க்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு உட்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதே ஸினானுக்கு அமைச்சர் அலீ இப்னு ஈஸா பிறப்பித்த ஆணை ஒன்றும் உண்டு. மருத்துவரே இல்லாத ஸவாத் நாட்டுக் கிராமங்களுக்கு மருந்துகளுடன் மருத்துவர்களை அனுப்புக என்பதே அது.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு கடமை. அவரை ஏழையின் வாசலுக்கு அனுப்பி வைப்பது மற்றொரு கடமை. முன்னதை மட்டும் பற்றிக்கொண்டு பின்னதை அரசு மறக்கும்போது, சீர்திருத்தம் சர்ச்சையாகிறது, எதிர்ப்பும் எழுகிறது. இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது பாலாற்றங்கரையே போதும்.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர், பிரசவ வேதனையில் துடித்த தம் மனைவியருக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். அவ்வீட்டில் மருத்துவர் இருந்தார். ஆனால் அவர் ஆண். மூவரும் அவரை ஏற்கவில்லை. பெண்கள் மூவரும் இறந்தனர். அம்மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென எல்.எம்.பி. பட்டயப் பள்ளியையும் நிறுவினார்.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பட்டயப் படிப்பை ஒழித்து, மருத்துவக் கல்வி யாவும் பல்கலைக்கழகப் பட்டமாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. தரத்தை உயர்த்துவதே அதன் நோக்கம். ஆயினும் கிராமங்களில் நாடி பிடித்தவர் பெரும்பாலும் அந்த எல்.எம்.பி. மருத்துவரே. போர் குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டிலிருந்த 47,500க்கும் மேற்பட்ட மருத்துவர்களுள் ஏறத்தாழ 30,000 பேர் பட்டயம் பெற்றவர்கள். அப்படிப்பை அறவே கைவிடலாகாது என அக்குழுவிலேயே சிலர் மாற்றுக் கருத்து எழுதினர். அது ஏற்கப்படவில்லை.

வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை வந்தது. ஐடா அம்மையார் எழுபது வயதைக் கடந்த பின்னும் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இணைப்பு கிடைத்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அரசு கேட்ட தரத்தை எட்டினார்கள், தொண்டையும் விடவில்லை.

2010இல் நீட் தேர்வுக்கான அறிவிக்கை வந்தபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நீதிமன்றத்தை நாடியது. திருச்சபைகள் அனுப்பும் மாணவர் படிப்பு முடிந்ததும் அவற்றின் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது அங்குள்ள மரபு. மதிப்பெண் ஒன்றே அளவுகோலானால் இம்மரபு என்னாகும் என்பதே அவர்களின் கேள்வி. 2013 ஜூலை 18இல் உச்ச நீதிமன்றம் நீட்டை நீக்கியது. 2016இல் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017இல் அக்கல்லூரி 100 எம்.பி.பி.எஸ். இடங்களுள் ஒன்றை மட்டும் நிரப்பித் தன் எதிர்ப்பைக் காட்டியது. 2020 ஏப்ரல் 29இல், நீட் சிறுபான்மையினர் உரிமைக்கு முரணன்று எனத் தீர்ப்பாயிற்று.

அதே 2017இல் தமிழக அரசு மருத்துவர்களும் வீதிக்கு வந்தனர். மேற்படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியிலுள்ளோர்க்கு ஒதுக்கும் நெடுநாள் முறை, மருத்துவக் கவுன்சிலின் விதியைக் காட்டித் தடுக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைப்பவருக்கு மேற்படிப்புக் கதவு அடைபடுமானால், அங்கே பணியாற்ற யார் முன்வருவர்? தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கத்தின் வழக்கில், 2020 ஆகஸ்ட் 31இல் அரசியல் சாசன அமர்வு, அத்தகைய ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது.

இரு வழக்குகளின் சட்டக் கேள்விகள் வேறு வேறு. எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நாம் சிந்தித்தல் வேண்டும். இரண்டாம் வழக்கில் மருத்துவர்கள் தேர்வு வேண்டாம் எனக் கேட்கவில்லை. தேர்வோடு தொண்டும் எடை போடப்பட வேண்டும் என்றே கேட்டனர். மருத்துவர் கிராமத்தில் தங்கினால் பயனடைவோர் எல்லாச் சமயத்தாருமே. ஆகவே அக்கோரிக்கையை ஒரு கூட்டத்தாரின் சலுகை என்று ஒதுக்க எவராலும் இயலாது.

2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஆம்பூரும் வாணியம்பாடியும் அடங்கிய திருப்பத்தூர் மாவட்டத்திற்கு அவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. தோல் பதனிடும் தொழிலாளியும் காலணித் தொழிற்சாலைப் பெண்ணும் அரசு மருத்துவமனையையே நம்பியிருக்கின்றனர். அங்கே மருத்துவர் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

மருத்துவம் கற்பதை ஃபர்ளு கிஃபாயா என்றார் இமாம் கஸ்ஸாலி. ஊரில் ஒருவரும் அதை ஏற்காவிடில் ஊரே குற்றவாளியாகும். நம் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைத்தால் இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். படித்து முடித்தபின் எந்த ஊர் அரசு மருத்துவமனையில் பணியாற்றுவாய் என்று அன்றே கேட்கும் பெற்றோர் பெருகட்டும். அப்போது அரசின் முன் நாம் வைக்கும் கோரிக்கைக்கும் வலுவிருக்கும்.