டாக்டர் சௌந்தரம் அம்மையார்



வரலாறு என்றவுடன் முடிமன்னரையும் அவர்தம் போர்களையுமே நாம் நினைக்கின்றோம். நம் மதுரைச் சீமையிலும் இராணி மங்கம்மாளின் பெயரைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயின் படையின்றி, அரியணையின்றி, கல்வியொன்றையே துணையாகக் கொண்டு தம் வாழ்வைத் தாமே வகுத்துக்கொண்ட மாதரசி ஒருவர் அண்மைக் காலத்தில் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். அவரே டாக்டர் சௌந்தரம் அம்மையார். அவர் நம் குலத்தவர் அல்லர். எனினும் நற்குணம் எக்குலத்தில் தோன்றினும் போற்றத்தக்கதே என்பது பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர். 1912-இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே மோட்டார் பஸ் ஓட்டிப் பின்னர் மதுரையில் பெருந்தொழில் வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகளார். அக்கால வழக்கப்படி இளம் பருவத்திலேயே மணம் நிகழ்ந்தது. கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். பிளேக் நோய்க்கு அவர் பலியாக, அம்மையார் இளமையிலேயே கைம்மை எய்தினார்.

அந்நாளில் கைம்பெண்ணின் நிலை யாதென நம் மூத்தோர் நன்கறிவர். அடுக்களை மூலையே அவளுக்கு உலகம். மங்கல நாளில் அவள் முகத்தில் விழிப்பதும் ஆகாது என்பர். அம்மையாரோ அம்மூலையில் ஒடுங்கினாரல்லர். பெற்றோர் துணை நிற்க, நெடுந்தொலைவிலுள்ள தில்லி சென்று, லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1936-இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் மருத்துவரானார். ஆங்கு உடன் பயின்ற சுசீலா நய்யாரின் நட்பினால் காந்தியடிகளின் தொடர்பும் அவருக்கு வாய்த்தது.

பின்னர், அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த கேரளத்து ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பினார். கைம்பெண் மறுமணம் ஒன்று. சாதி கடந்த மணம் மற்றொன்று. கல்விக்குத் துணை நின்ற பெற்றோர் இதற்கு இசைந்திலர். ஓராண்டு இருவரும் ஒருவரையொருவர் காணாதும் எழுதாதும் இருந்து தம் உள்ளத்தைச் சோதித்துக்கொள்க என்றார் அடிகள். அவ்வாறே இருந்தும் மனம் மாறாமையால், 1940-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அடிகளின் ஆசியோடு மணம் நிறைவேறியது. அன்புடைய பெற்றோரின் மனம் நோவ ஒரு முடிவு செய்தல் எளிதன்று. அவ்வருமையை அறிந்தே அம்மையார் தம் வழியைத் தெரிந்தார்.

கஸ்தூரிபாய் நினைவு நிதியின் தமிழகப் பணியை ஏற்ற அவர், நகரத்தில் பொருளீட்டும் வாய்ப்பை விடுத்துச் சின்னாளபட்டியை அடுத்த சிற்றூர்களை நாடிச் சென்றார். கிராம மருத்துவமும் தாய் சேய் நலமும் கருதிச் சிறிதாகத் தொடங்கிய தொண்டு, 1947-இல் கணவருடன் நிறுவிய காந்திகிராமமாக வளர்ந்தது. 1956-இல் அங்குக் கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நம் கோச்சடையினின்று வையையைக் கடந்து, சமயநல்லூர், வாடிப்பட்டி வழியே திண்டுக்கல் செல்வோர், சிறுமலைச் சாரலில் இன்றும் அதனைக் காணலாம்.

அம்மையார் 1952-இலும் 1957-இலும் சென்னைச் சட்டமன்றத்திற்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். நேருவின் அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார். 1962-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1984-இல், எண்பதாண்டு நிறைந்த பின் மறைந்தார்.

'செல்வர் வீட்டு மகளாதலின் இயன்றது, நம்மால் ஆகுமோ?' எனச் சிலர் வினவலாம். செல்வம் உதவியது மெய்யே. ஆயின் அக்காலத்தில் செல்வர் வீடுகள் எத்தனையோ இருந்தன. அவற்றின் கைம்பெண்கள் அனைவரும் மருத்துவராயினரா? மகள் கற்கத் தகும் என்னும் எண்ணம் வீட்டாருக்கும், கற்றே தீர்வேன் என்னும் உறுதி மகளுக்கும் ஒருங்கே அமைந்தமையே காரணமாம். இவ்விரண்டும் பொன்னால் வாங்கும் பொருள்கள் அல்ல.

பள்ளியாசிரியன் என்னும் முறையில் ஒன்று சொல்வேன். வகுப்பில் முதலாவதாக நிற்கும் பெண்ணை, வரன் வந்ததென்று படிப்பின் நடுவே நிறுத்தும் வழக்கம் நம்மவரிடை முற்றும் ஒழிந்திலது. கணவனை இழந்த இளம்பெண்ணை மீண்டும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ அனுப்ப நாணுவோரும் உளர். திருமணத்துக்குச் சேர்க்கும் பொருளில் ஒரு பங்கையேனும் பெண்ணின் கல்விக்கென ஒதுக்குக. நம் சங்கத்தின் உதவி நிதியிலும் கைம்பெண்களின் படிப்புக்கு முதலிடம் தருக. அம்மையாரின் பெயரை மேடையிற் புகழ்வதினும் இதுவே அவருக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும்.